உடைந்த இடமும் உடைத்த கையும்

லினக்ஸ் கெர்னலின் 2.6.27 பதிப்பு 2008 செப்டம்பரில் இன்னும் சோதனையில் இருந்தது. வெளியீட்டுக்கு முந்தைய பிரதியை எடுத்துத் தங்கள் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்த்து, கண்ட குறையை எழுதி அனுப்புகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்த மாதம் அவர்களில் சிலருக்கு நெட்வொர்க் போய்விட்டது. ரீபூட் செய்தார்கள், வரவில்லை. பழைய கெர்னலுக்குத் திரும்பினார்கள், அப்போதும் வரவில்லை. மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி போட்டும் பயனில்லை.

மென்பொருளில் எந்தத் தவறு இருந்தாலும் அணைத்துப் போட்டால் முதலிலிருந்து தொடங்கலாம் என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே அது பலிக்கவில்லை. ஒரு மென்பொருள் வன்பொருளை நிரந்தரமாகக் கெடுத்திருந்தது. கெட்டுப்போனவை எல்லாமே இன்டெல் நெட்வொர்க் சில்லுகள். அவற்றை இயக்குவது இ1000இ என்ற டிரைவர். உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்சூசே, மாண்ட்ரீவா ஆகிய நான்கும் அடுத்த வெளியீட்டுக்கு இதே கெர்னலைத்தான் எடுத்து வைத்திருந்தன. அப்படியே வெளிவந்திருந்தால் எத்தனை பேருடைய கணினி போயிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் பதறுகிறது.

எல்லோரும் டிரைவரைத்தான் சந்தேகித்தார்கள். கெட்டது நெட்வொர்க் சில்லு, அதைத் தொடுவது நெட்வொர்க் டிரைவர், அப்படியானால் தவறும் அங்கேதானே இருக்க வேண்டும்? இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். அதற்கு முன், ஒரு நெட்வொர்க் டிரைவர் உள்ளே என்ன செய்கிறது என்று நிதானமாகப் பார்த்துவிடுவோம். டீ பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஒயரில் ஒரு பேக்கெட் வருகிறது. பிராசசரைக் கேட்காமலே நெட்வொர்க் அட்டை அதைக் கணினியின் மெமரியில் நேரடியாக எழுதிவிடும். டி.எம்.ஏ. என்று சொல்வது இதைத்தான். ஆனால் மெமரியில் எங்கே எழுதுவது? அதை டிரைவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். இன்டெல்லின் இந்தக் குடும்பத்து அட்டைகளில் அதற்காக ஒரு பட்டியல் உண்டு. வழக்கமாக 256 வரிகள், ஒவ்வொன்றும் 16 பைட். மொத்தம் 4096 பைட், மெமரியில் சரியாக ஒரு பக்கம். கடைசி வரி முடிந்ததும் அட்டை முதல் வரிக்கே வந்துவிடும் என்பதால் இதை ரிங் என்கிறார்கள்.

ஒரு வரியைக் கிட்டத்தில் பார்ப்போம். முதல் 8 பைட்டில் பேக்கெட்டை எங்கே போட வேண்டும் என்ற முகவரி இருக்கும். அதை டிரைவர் நிரப்பும். மீதி 8 பைட்டை அட்டை நிரப்பும்: 2 பைட்டில் நீளம், 2 பைட்டில் செக்சம், ஒரு பைட்டில் நிலை, ஒரு பைட்டில் பிழை, கடைசி 2 பைட்டில் விலான் எண். நிலை என்ற அந்த ஒரு பைட்டின் கடைசி பிட்தான் எல்லாவற்றிலும் முக்கியம். அது 1 ஆனால், ‘நான் எழுதி முடித்துவிட்டேன், எடுத்துக்கொள்’ என்று அட்டை சொல்வதாக அர்த்தம். டிரைவர் அதைப் பார்த்ததும் பேக்கெட்டை எடுத்து மேலே உள்ள டி.சி.பி. பகுதிகளுக்குத் தள்ளிவிடும். அந்த வரியில் புதிதாக ஒரு காலி இடத்தின் முகவரியை எழுதும். பிறகு அட்டையில் உள்ள டெயில் என்ற ரெஜிஸ்டரை நகர்த்தி, இன்னும் இவ்வளவு இடம் தயாராக இருக்கிறது என்று தெரிவிக்கும். அனுப்புவதும் இப்படியேதான், திசை மட்டும் மாறும்.

இவ்வளவுதானா என்று தோன்றும். சொல்லிக்கொடுக்கும்போது இவ்வளவுதான். கஷ்டம் எங்கிருந்து வருகிறதென்றால், அட்டையும் பிராசசரும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுகின்றன, இரண்டும் ஒரே மெமரியைத் தொடுகின்றன, ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை.

உதாரணத்துக்கு, முடிந்ததா என்ற பிட்டைப் பார்த்துவிட்டு நீளத்தைப் படிக்க வேண்டும் என்று நிரலில் அதே வரிசையில் எழுதியிருக்கிறீர்கள். பிராசசரும் அதே வரிசையில் படிக்கும் என்று நம்பலாமா? எக்ஸ்86 பிராசசரில் நம்பலாம். சாதாரண மெமரியிலிருந்து படிக்கும் இரண்டு படிப்புகளை அது முன்பின்னாக மாற்றாது. பவர்பிசி மாற்றும். நீளத்தை முதலிலேயே படித்து வைத்துக்கொள்ளும், அதன்பிறகு பிட்டைப் பார்க்கும், இந்த இடைவெளிக்குள் அட்டை வந்து இரண்டையும் எழுதிவிட்டுப் போயிருக்கும். விளைவு, பேக்கெட் புதியது, நீளம் பழையது. எக்ஸ்86இல் பல ஆண்டுகள் குறையே இல்லாமல் ஓடிய டிரைவர், பவர்பிசி சர்வரில் போட்டதும் எப்போதாவது ஒரு பேக்கெட்டைச் சிதைக்கும். அதற்கு மருந்து ஒரே வரிதான். இரண்டு படிப்புகளுக்கும் நடுவே, இதைத் தாண்டி எதையும் முன்கூட்டிப் படிக்காதே என்று ஒரு தடுப்பு. அந்த ஒரு வரி இல்லை என்று கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகலாம். ஏனென்றால் நிரலைப் படிக்கிற கண்ணுக்கு வரிசை சரியாகத்தான் தெரியும்.

இன்னொரு கஷ்டம் வேகம். ஈதர்நெட்டில் மிகச் சிறிய பேக்கெட் 64 பைட். இடைவெளியையும் முன்னோட்ட பைட்களையும் சேர்த்தால் ஒயரில் 84 பைட் இடம் பிடிக்கும். ஒரு கிகாபிட் இணைப்பில் இப்படி நொடிக்கு ஏறத்தாழ 14 லட்சத்து 88 ஆயிரம் பேக்கெட்கள் வரலாம். ஒன்றுக்குக் கிடைப்பது 672 நானோநொடி. பத்து கிகாபிட் என்றால் 67 நானோநொடிதான். ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் அட்டை ஒரு இன்டர்ரப்ட் கொடுத்துப் பிராசசரைக் கூப்பிட்டால், பிராசசர் கூப்பிட்ட குரலுக்கு ஓடி ஓடியே ஓய்ந்துவிடும். வந்த பேக்கெட்டைப் பிரித்துப் பார்க்க நேரமே இருக்காது. கணினி முழு மும்முரமாக இருக்கும், ஒரு வேலையும் முடிந்திருக்காது. ஜெஃப்ரி மோகலும் கே.கே.ராமகிருஷ்ணனும் 1996இல் இந்த நிலையை அலசி ஒரு கட்டுரை எழுதினார்கள். நெட்வொர்க் கெர்னலில் வேலை செய்பவர்கள் இன்றும் தேடிப் படிக்கும் கட்டுரை அது.

லினக்ஸ் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாட்டின் பெயர் நாபி. முதல் பேக்கெட் இன்டர்ரப்ட் கொடுக்கும். டிரைவர் உடனே அந்த இன்டர்ரப்ட்டை மூடிவிட்டு, ரிங்கைத் தானே போய்ப் பார்க்கத் தொடங்கும். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 64 பேக்கெட்தான் எடுக்கலாம், பிறகு மற்றவர்களுக்கும் வழி விட வேண்டும். எடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் இன்டர்ரப்ட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

அந்தக் கடைசி அடியில்தான் பல டிரைவர்கள் தடுக்கி விழுந்திருக்கின்றன. ரிங் காலி என்று பார்த்தாயிற்று, இன்டர்ரப்ட்டை இன்னும் திறக்கவில்லை, சரியாக அந்த நொடித்துணுக்கில் ஒரு பேக்கெட் வந்துவிட்டால்? இன்டர்ரப்ட் வந்ததை நினைவில் வைத்திருந்து, திறந்ததும் சொல்லும் சில்லுகள் உண்டு. அப்படிச் சொல்லாதவையும் உண்டு. சொல்லாத சில்லில் அந்தப் பேக்கெட் அப்படியே கிடக்கும், அடுத்தது வரும்வரை யாரும் அதைத் தொட மாட்டார்கள். பயனருக்கு இது எப்படித் தெரியும்? ‘எப்போதாவது இணைப்பு ஒரு நொடி நிற்கிறது, பக்கத்து ஜன்னலில் பிங் ஓடவிட்டால் நிற்பதில்லை.’ அனுபவப்பட்டவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதுமே நாபியின் கடைசி அடியைத் திறந்து பார்ப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க நடுவில் நாலு வரி அச்சிட்டுப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றும். அச்சிட எடுக்கும் நேரம் அந்த 672 நானோநொடியைவிடப் பல மடங்கு. அச்சு வரியைச் சேர்த்ததும் இடைவெளியின் அளவே மாறிவிடும், பிழை மறைந்துவிடும். வரியை எடுத்தால் திரும்ப வந்துவிடும். அதனால்தான் கெர்னலுக்கு வேறுவகைக் கருவி வேண்டியிருந்தது. எந்த ஃபங்ஷன் எப்போது கூப்பிடப்பட்டது என்பதை அச்சிடாமல் மெமரியிலேயே ஓசைப்படாமல் குறித்துவைத்து, பிறகு ஆற அமரப் படிக்கத் தருகிற கருவி. ஸ்டீவன் ரோஸ்டெட் உருவாக்கிய எஃப்ட்ரேஸ் அப்படிப்பட்டது. கெர்னலில் அது முதன்முதலாகச் சேர்ந்தது அதே 2.6.27இல். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கெட்டுப்போன அட்டைக்கு வருவோம். ஒவ்வொரு நெட்வொர்க் அட்டையிலும் மின்சாரம் போனாலும் அழியாத சிறு சேமிப்பு ஒன்று இருக்கும். என்.வி.எம். என்பார்கள். அதில் 16 பிட் சொற்களாகத் தகவல் இருக்கும். முதல் மூன்று சொற்கள் அந்த அட்டையின் மேக் முகவரி. பிறகு சில்லு எப்படி எழ வேண்டும் என்ற அமைப்புகள். முதல் 64 சொற்களையும் கூட்டி 16 பிட்டுக்குள் எடுத்துக்கொண்டால் 47802 வர வேண்டும் என்பது இன்டெல்லின் விதி. பதினாறடிமானத்தில் எழுதினால் அது பி-ஏ-பி-ஏ என்று அழகாக வரும். கூட்டுத்தொகை அப்படி வரும்படி கடைசிச் சொல்லை ஆலையிலேயே சரிசெய்து எழுதிவிடுவார்கள். டிரைவர் ஏறும்போது செய்யும் முதல் வேலைகளில் ஒன்று இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பது. கணக்கு ஒத்துவரவில்லையென்றால் என்.வி.எம். செக்சம் செல்லாது என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். 2008இல் பாதிக்கப்பட்டவர்களின் திரையில் வந்தது இந்த வரிதான்.

அந்தக் காலத்து இன்டெல் மதர்போர்டுகளில் என்.வி.எம். தனிச் சில்லாகக்கூட இல்லை. பயாஸ் இருக்கும் அதே ஃபிளாஷ் சில்லின் ஒரு பகுதி அது. அதைப் படிக்க, ஃபிளாஷைக் கட்டுப்படுத்தும் ரெஜிஸ்டர்களை டிரைவர் கெர்னலின் முகவரிப் பரப்புக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். இதில் சிக்கல் என்னவென்றால், ரெஜிஸ்டருக்கும் ஒரு முகவரி இருக்கும், மெமரிக்கும் ஒரு முகவரி இருக்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மெமரியில் ஓர் எண்ணைப் படித்து அதையே திரும்ப எழுதினால் எதுவும் மாறாது. ரெஜிஸ்டரில் அப்படியில்லை. அங்கே எழுதுவது சேமிப்பதல்ல, கட்டளையிடுவது. சில ரெஜிஸ்டர்களில் படிப்பதுகூட ஒரு செயல்தான், படித்த மாத்திரத்தில் உள்ளே இருப்பது அழிந்துவிடும்.

சாதாரணப் பயன்பாட்டு நிரல் தவறான முகவரியில் எழுதினால் கெர்னல் அதைப் பிடித்துக் கொன்றுவிடும். மற்றவர்களுக்குச் சேதமில்லை. கெர்னலுக்குள் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நெட்வொர்க் டிரைவர், கிராஃபிக்ஸ் டிரைவர், ஃபைல் சிஸ்டம் எல்லாம் ஒரே பரப்பில்தான் இருக்கின்றன. ஒன்று இன்னொன்றின் மேல் எழுதலாம், ஏனென்று கேட்க ஆளில்லை.

2008 செப்டம்பர் கடைசியில் தேடல் தீவிரமானது. பிற பிழைகளில் இல்லாத ஒரு கொடுமை இதில் இருந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் கைகொடுப்பது கிட் பைசெக்ட். பழைய பதிப்பு நன்றாக இருந்தது, புதியது கெட்டது, நடுவே பத்தாயிரம் மாற்றங்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு புள்ளியை எடுத்துச் சோதிக்கிறோம். கெட்டிருந்தால் முதல் பாதி, நன்றாக இருந்தால் இரண்டாம் பாதி. பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் சுமார் 14 சோதனைகளில் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்கலாம். அருமையான வழி, என் கருத்தில் கெர்னல் வேலைக்குக் கிடைத்த ஆகச்சிறந்த கருவி அதுதான். ஆனால் இங்கே ‘கெட்டது’ என்ற ஒவ்வொரு பதிலுக்கும் விலை ஒரு மதர்போர்டு. அதனால் சோதிப்பவர்களுக்கு முதலில் சொல்லப்பட்டது, ஈத்டூல் என்ற கருவியால் என்.வி.எம்.மில் இருப்பதை ஒரு கோப்பில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எதையும் ஏற்றுங்கள் என்பதுதான். உபுண்டு அந்தச் சோதனைப் பதிப்பில் டிரைவரையே ஏறவிடாமல் நிறுத்தி வைத்தது.

இன்டெல்லின் பொறியாளர்கள் டிரைவரை வரிவரியாகக் குடைந்தார்கள். குறைகளும் கிடைத்தன. தூங்கக் கூடாத இடத்தில், இன்டர்ரப்ட்டுக்குள் இருக்கும்போது, தூங்கக்கூடிய அழைப்பு ஒன்று இருந்தது. என்.வி.எம்.மை ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்திலிருந்து தொட வழி இருந்தது, அதற்கு ஒரு பூட்டு போட்டார்கள். எல்லாம் உண்மையான பிழைகள், திருத்த வேண்டியவை. ஆனால் எதுவுமே ஃபிளாஷ் அழிந்ததை விளக்கவில்லை. இந்த இடத்தில் நின்றுவிடுவது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள். தேடினோம், பிழை கிடைத்தது, திருத்திவிட்டோம், முடிந்தது என்று எழுதிவிடலாம். ஒரு பிழையைக் கண்டுபிடிப்பது வேறு, நாம் தேடி வந்த பிழையைக் கண்டுபிடிப்பது வேறு. கெட்டதை இந்தப் பிழையால் மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடிகிறதா, திருத்தியபின் நிகழாமல் இருக்கிறதா என்று இரண்டையும் காணாமல் கோப்பை மூடக் கூடாது. அவர்கள் மூடவில்லை.

கணினிகள் உறைந்தபோது கிராஃபிக்ஸ் பக்கமும் கோளாறு தெரிந்ததால் சந்தேகம் அங்கேயும் போனது. காரணம் தெரியாவிட்டாலும் மேலும் யாருடைய கணினியும் கெடாமல் இருக்க வேண்டும் என்று, டிரைவர் ஏறும்போதே ஃபிளாஷின் அந்தப் பகுதியை எழுத முடியாதபடி வன்பொருளிலேயே பூட்டிவிடும் திருத்தம் ஒன்றை இன்டெல் கொடுத்தது. அக்டோபர் 9ஆம் தேதி 2.6.27 அந்தப் பூட்டோடு வெளிவந்தது. யார் எழுதினார்கள் என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது.

விடை எஃப்ட்ரேஸில் இருந்தது.

எஃப்ட்ரேஸ் எப்படி வேலை செய்தது? கம்பைலரிடம் சொன்னால், ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் எம்கவுண்ட் என்றொரு குட்டி ஃபங்ஷனுக்கு ஓர் அழைப்பைச் செருகிக் கொடுக்கும். எக்ஸ்86இல் அது 5 பைட். கண்காணிப்பு தேவைப்படாதபோது இந்த அழைப்புகள் எல்லாம் வீண் சுமை. ஆகவே டைனமிக் எஃப்ட்ரேஸ் ஒரு வழி செய்தது. ஒரு ஃபங்ஷன் முதல்முறை ஓடும்போது அந்த அழைப்பு இருக்கும் முகவரியைப் பட்டியலில் குறித்துக்கொள்ளும். நொடிக்கு ஒருமுறை ஒரு பின்னணி வேலைக்காரன் எழுந்து, பட்டியலில் உள்ள முகவரிகளுக்குப் போய், அந்த 5 பைட்டை ஒன்றும் செய்யாத கட்டளையாக மாற்றி எழுதிவிட்டு வருவான். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் தன் நிரலைத் தானே திருத்திக்கொள்கிறது. துணிச்சலான, நேர்த்தியான யோசனை.

கெர்னல் மாட்யூல் ஒன்று ஏறும்போது அதற்குத் தொடக்க வேலைக்கென்று ஒரு பகுதி இருக்கும். ஒரே ஒரு தடவை ஓடும், ஓடி முடிந்ததும் அதன் இடத்தைக் கெர்னல் திரும்ப எடுத்துக்கொள்ளும். அது ஓடியபோது அதன் முகவரியும் பட்டியலில் ஏறிவிட்டது. வேலைக்காரன் எழ இன்னும் அரை நொடி இருக்கிறது. அதற்குள் அந்த இடம் விடுவிக்கப்பட்டுவிட்டது. 32 பிட் எக்ஸ்86 கெர்னலில் மாட்யூல்களுக்கும் சாதன ரெஜிஸ்டர்களுக்கும் முகவரி ஒதுக்கப்படுவது ஒரே பரப்பிலிருந்து. அடுத்து ஏறிய இ1000இ, ஃபிளாஷ் ரெஜிஸ்டர்களை வைக்க இடம் கேட்டது. காலியான அதே முகவரி அதற்குக் கிடைத்தது. குடித்தனம் காலி செய்த வீட்டை இடித்து அங்கே மின்வாரியம் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிட்டது, பழைய முகவரிச் சீட்டோடு கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் பிரஷை நீட்டுகிறார் என்றால் என்ன ஆகுமோ, அதுதான் ஆனது.

பழைய சீட்டு வந்து சேரக்கூடும் என்று எஃப்ட்ரேஸுக்கும் தெரிந்தேதான் இருந்தது. அதனால் நேரடியாக எழுதாமல், ‘ஒப்பிட்டு மாற்று’ என்ற பிராசசர் கட்டளையைப் பயன்படுத்தியது. அந்த முகவரியில் எதிர்பார்த்த பைட்கள் இருந்தால் மட்டும் மாற்று, இல்லையென்றால் விட்டுவிடு. படித்துப் பார்க்கிற யாரும் இது பாதுகாப்பானது என்றே சொல்வார்கள். மெமரியில் அது பாதுகாப்பானதுதான். ஆனால் எக்ஸ்86இல் அந்தக் கட்டளை ஒப்பீடு தோற்றாலும் எழுதுகிறது! படித்த மதிப்பையே திரும்ப எழுதிவிடுகிறது. பிராசசரின் கையேட்டில் அது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. மெமரியில் படித்ததையே திரும்ப எழுதினால் யாருக்கும் தெரியாது. ஃபிளாஷைக் கட்டுப்படுத்தும் ரெஜிஸ்டரில் எழுதியதும் அது கட்டளையாகிவிட்டது.

வேறு சாதனங்களின் ரெஜிஸ்டர்களிலும் இதே எழுத்து விழுந்திருக்கலாம். அவை மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிடுபவை. மறக்காத சேமிப்பை அந்தப் பரப்பில் கொண்டுவந்து வைத்திருந்தது இ1000இ, அதனால் காயம் அதில் தங்கியது. டிரைவர் அங்கே இருந்தது என்பதைத் தவிர அது செய்த குற்றம் ஒன்றுமில்லை.

அக்டோபர் 15ஆம் தேதி 2.6.27.1 வந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு மாற்றம், டைனமிக் எஃப்ட்ரேஸை முடக்கி வைப்பது. டிசம்பரில் வந்த 2.6.28இல் ரோஸ்டெட் அந்தப் பகுதியை வேறு அடிப்படையில் கட்டியிருந்தார். அழைப்புகள் இருக்கும் இடங்களின் பட்டியலைக் கம்பைல் செய்யும்போதே தயாரித்து மாட்யூலோடு சேர்த்து வைத்துவிடுவது. மாட்யூல் ஏறும்போது, அது ஓடத் தொடங்கும் முன்பே, மாற்ற வேண்டியதை மாற்றிவிடுவது. நொடிக்கொரு முறை எழும் வேலைக்காரன் இல்லை, முகவரி பழசாகக் கிடக்கும் இடைவெளியும் இல்லை. அந்தக் கருவி இன்று கெர்னல் வேலை செய்யும் எவர் கையிலும் இருக்கிறது. நாபி பிழைகளைத் தேடவும் அதைத்தான் எடுக்கிறோம்.

இந்தச் சம்பவத்தில் என்னை அதிகம் ஈர்ப்பது எத்தனை கைகள் சேர்ந்தன என்பது. சில்லைப் பற்றி இன்டெல்லுக்குத் தெரியும். மாட்யூல் எப்படி ஏறுகிறது என்பது கெர்னலின் மையப் பகுதியைக் கவனிப்பவர்களுக்குத் தெரியும். எஃப்ட்ரேஸ் அதை எழுதியவருக்குத் தெரியும். எந்தக் கணினியில் எப்படி நடந்தது என்பது பயனருக்குத்தான் தெரியும். இவர்கள் ஒரே நிறுவனத்தில் இல்லை. நிரல் திறந்து கிடந்ததால் ஒருவர் பகுதியை இன்னொருவர் படிக்க முடிந்தது, என் பகுதி சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கதவை மூடிக்கொள்ள யாருக்கும் வழியில்லை. மூடிய நிரலில் இது நடந்திருந்தால், நெட்வொர்க் சில்லைச் செய்தவர் தலையில் பழி விழுந்து அங்கேயே முடிந்திருக்கும் என்பதுதான் என் எண்ணம்.

உடைந்த இடமும் உடைத்த கையும் வேறாக இருப்பது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். நெட்வொர்க் டிரைவரில் இது அன்றாடம். லாகில் அடிக்கடி வரும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: நெட்டெவ் வாட்ச்டாக், டிரான்ஸ்மிட் க்யூ நேரம் கடந்துவிட்டது. க்யூ நின்றுபோய், அனுப்பக் கொடுத்த பேக்கெட் வழக்கமாக 5 நொடிக்கு முடியாமலே கிடந்தால் வரும் எச்சரிக்கை இது. டிரைவரின் பெயரைச் சொல்லித்தான் வரும். காரணம் டிரைவர் டெயிலை நகர்த்தாததாக இருக்கலாம். இன்டர்ரப்ட் வேறு எங்கோ தொலைந்திருக்கலாம். எதிர்முனை ஸ்விட்ச் நிறுத்து என்று சொல்லும் பாஸ் ஃபிரேம்களை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். மின்சாரம் மிச்சப்படுத்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பைத் தூங்கவைக்கும் ஏ.எஸ்.பி.எம். காரணமாக இருக்கலாம். இன்டெல்லின் 82573, 82574 சில்லுகளில் அந்தத் தூக்கத்தின் சில நிலைகளை இ1000இ டிரைவரே அணைத்து வைக்கிறது. இவ்வளவுக்கும் வெளியே தெரிவது ஒரே வரி.

அதனால் இந்த வரியைப் பார்த்ததும் டிரைவரின் நிரலைத் திறப்பதற்கு முன் எண்களைப் பார்ப்பது நல்லது. ஈத்டூல், அட்டை தன்னுள் எண்ணி வைத்திருக்கும் கணக்குகளைக் கொடுக்கும்: எத்தனை அனுப்பியது, எத்தனை கைவிட்டது, எத்தனை பாஸ் ஃபிரேம் வாங்கியது. பாஸ் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் ஸ்விட்சைப் பாருங்கள். இன்டர்ரப்ட் எண்ணிக்கை நின்றுபோயிருந்தால் அந்தப் பக்கம் போங்கள். இரண்டும் சரி, டெயில் மட்டும் நகரவில்லை என்றால் டிரைவரைத் திறக்கலாம்.

கற்க விரும்புகிறவர் இதற்காக அட்டை வாங்க வேண்டியதில்லை. கியூஎமு என்ற திறந்த மெய்நிகர் கணினிக்குள் இன்டெல் 82540ஈஎம் அட்டை முழுக்க மென்பொருளாகவே இருக்கிறது. அதை இயக்குவது இ1000இயின் மூத்த உடன்பிறப்பான இ1000. அட்டையின் நிரலும் உங்கள் முன், டிரைவரின் நிரலும் உங்கள் முன். உண்மையான அட்டையில் கிடைக்காத வசதி இது. ஒரு பக்கத்தில் டிரைவர் டெயிலை எழுதுவதையும் மறுபக்கத்தில் அட்டை அதை வாங்குவதையும் சேர்த்து வைத்துப் படிக்கலாம். கெர்னலைக் கட்டும்போது லாக்டெப், கேசான் இரண்டையும் இயக்கிவிடுங்கள். முதலாவது பூட்டுகளின் வரிசை தவறினால் சொல்லும், இரண்டாவது விடுவித்த மெமரியைத் தொட்டால் சொல்லும். வேகம் குறையும், பரவாயில்லை. பிறகு ரிங் வரிகளை 256இலிருந்து 80 ஆக்குங்கள், ஒரு பக்கமிருந்து பேக்கெட்டுகளைக் கொட்டிக்கொண்டே மறுபக்கம் மாட்யூலை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றிப் பாருங்கள். பழைய முகவரியை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் அப்போது வெளியே வரும். வந்ததும் லாகின் முதல் வரியிலிருந்து படியுங்கள், கடைசி வரியிலிருந்து வேண்டாம்.